காய்ப்புக் குறைந்த மரம்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் காணிக்கைப் பாட்டு ஏழு முப்பத்தெட்டுக்குத் தொடங்கும்.

இருபத்து மூன்று வருடம் அந்த நிமிடத்தில் ஆரோக்கியசாமி எழுந்து நின்றிருக்கிறார். சிவப்பு வெல்வெட் பை, மரப்பிடி. ஆண்கள் பக்கம் முன்வரிசையில் தொடங்கிக் கடைசித் தூண் வரை போவார். அங்கிருந்து பெண்கள் பக்கமாகத் திரும்பி வருவார். மூன்றாவது சரணம் முடியும்போது பை பீடத்தடியில் இருக்கும். யார் நோட்டுப் போட்டார், யார் வெறும் கையை விட்டு எடுத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை அவ்வளவுதான். அதுகூடப் பைக்கு உரியதோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் உண்டு.

இப்போது பதினான்கு மாதமாக அந்த நிமிடத்தில் அவர் உட்கார்ந்தே இருக்கிறார். பேருந்து நிலையத்தில் அவர் படம் இருப்பதுதான் காரணம்.

நடந்தது இது. டவுன் பஸ்ஸில் யாரோ அவர் பர்ஸை அடித்துவிட்டார்கள். அறுநூற்று நாற்பது ரூபாயும் ஓர் அந்தோணியார் படமும் போயின. போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. குடிமகன் என்ற நினைப்பு. காவல் நிலையத்துக்குப் போனார். மனுவோடு ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். பங்குக் கோயில் பொன்விழா மலருக்காக ஸ்டுடியோவில் எடுத்த படம். சிரித்த முகம். அன்றைக்கே பிக்பாக்கெட் ஆட்களின் படங்களும் பிளெக்ஸ் கடைக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே மேஜை மேல் இருந்தன.

ஒரு வாரத்தில் பேருந்து நிலையத்தில் பலகை ஏறியது. ‘திருடர்கள் ஜாக்கிரதை. இவர்களைக் கண்டால் உடனே தகவல் தரவும்.’ மூன்று வரிசை, ஒன்பது முகம். நட்டநடுவில், ஐந்தாம் எண்ணில், ஆரோக்கியசாமி. மற்ற எட்டுப் பேரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மத்த எட்டுப் பேரும் சரியா இருக்காங்கல்ல?” என்றார் காவல் நிலைய எழுத்தர்.

“இருக்காங்க. மீதி ஒரு ஆளு நானுங்க.”

“ஒரு ஆளுக்காக மொத்தப் பிளெக்ஸையும் மாத்த முடியுங்களா? அடுத்த வருசம் புதுசு அடிப்போம். அப்ப வந்து ஞாபகப்படுத்துங்க.”

இதை ஆரோக்கியசாமியால் குறை சொல்ல முடியவில்லை. முட்டைக் கம்பெனி டிப்போவில் உடைசல் பார்க்கிறவர் அவர். கடைக்குப் போன லோடில் முட்டை உடைந்திருந்தால் கம்பெனி ஈடுகட்ட வேண்டும். கட்டாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு அவரிடம் இரண்டு சட்டம் இருந்தன. ஒன்று, விரிசல் உடைசல் ஆகாது. கரு வெளியே வந்தால்தான் உடைசல். இரண்டு, அவர் நேரில் வந்து பார்க்கும்வரை உடைந்ததைத் தூக்கிப் போடக் கூடாது. ஜலகண்டாபுரத்துக் கடைக்காரர் செங்கோடன் ஒருமுறை சித்திரை வெயிலில் ஒரு தட்டு உடைந்த முட்டையை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் காத்திருந்தார். பத்தாம் நாள் ஆரோக்கியசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தார். முப்பதில் ஐந்தை ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

கோயிலின் பாதிரியார் பங்குச்சாமி இளவயதுக்காரர். ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்.

“அண்ணே, நான் உங்கள நம்புறேன். ஆனா பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேரா கோயிலுக்கு வர்றவங்க இருக்காங்க பாருங்க. அங்கயும் அதே முகம், இங்க பையோட வந்து நிக்கிறதும் அதே முகம். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?”

“நான் வேணுமின்னா சிரிக்காம வாங்குறேன் சாமி.”

“போர்டுலருந்து எறங்கட்டும்ணே. பை எங்க போயிடப் போகுது?”

பை சகாயராஜிடம் போனது. அவர் பெண்கள் பக்கம் முதலில் போனார். இரண்டாவது சரணத்திலேயே முடித்துவிட்டார். அந்த வரிசைகளைக் கடைசிப் பெஞ்சிலிருந்து பார்ப்பது எப்படி இருந்தது என்று ஆரோக்கியசாமி யாரிடமும் சொல்லவில்லை. அதைவிடச் சங்கடம் ஒன்று இருந்தது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும். பெண்கள் பக்கக் கடைசி வரிசை ஜெனிட்டா டீச்சர் முன்பெல்லாம் அவரைப் பார்த்துக் கைகூப்புவார். இப்போதும் கூப்பினார். ஆனால் கைப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கூப்பினார்.

ஆரோக்கியசாமி இலவச சட்ட உதவியில் வழக்குப் போட்டார். தீர்ப்பு சீக்கிரமே வந்தது, ஒரு வருடம்தான். தவறுக்கு அரசு பொறுப்பு. பொருளிழப்பு ஏதுமில்லை, பர்ஸை எடுத்தது அரசு அல்ல. மனத்துக்கு நேர்ந்த தீங்குக்கு நியாயமான இழப்பீட்டை உரிய பிரிவு கணக்கிட்டுத் தர வேண்டும். கணக்கீடு முடியும்வரை படம் சான்றுப்பொருள். ஆகவே அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தை வாசித்தபோது அவருக்கு எங்கிருந்தோ அழுகிய முட்டை வாடை வந்தது.

பங்குத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. திருவிழாப் பூசையில் பை அவர் கையில் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பணமும் வந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

*

பொருள்சாராத் தீங்கு மதிப்பீட்டுப் பிரிவு அம்மாபேட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் இருந்தது. படிக்கட்டில் ஓர் அறிவிப்பு: ‘இங்கே காத்திருக்கும் நேரம் தீங்குக் கணக்கில் சேராது.’ ஆரோக்கியசாமி மூன்று மணி நேரம் காத்திருந்தார். அது சேரவில்லை.

மதிப்பீட்டு அலுவலர் தீனதயாளன் சுத்தமான மனிதர். பேனாக்களை உயரப்படி அடுக்கி வைத்திருந்தார். எதிரே தற்காலிகத் தட்டச்சர் மோகனப்பிரியா. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது, இன்னும் தற்காலிகம்.

“உக்காருங்க. எத்தன நாளா வருத்தம்?”

“நானூத்திப் பத்தொம்போது நாளுங்க.”

“ஞாயிறு, அரசு விடுமுறை சேர்த்தா, சேர்க்காமலா?”

ஆரோக்கியசாமி யோசித்தார். “ஞாயித்துக்கெழமதாங்க ஜாஸ்தி.”

தீனதயாளன் பேனாவைக் கீழே வைத்தார். “அதுக்கு விதியில்லையே. விடுமுறை நாள்ல ஏற்படற வருத்தம் அலுவலகத்தக் கட்டுப்படுத்தாது. ஞாயிற எடுத்துடும்மா.”

மோகனப்பிரியா எடுத்தாள்.

“அழுதீங்களா?”

“உள்ளுக்குள்ளங்க.”

“அத யாராவது பாத்தாங்களா?”

கரு வெளியே வரவில்லை என்று ஆரோக்கியசாமி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தக் கேள்வியின் அழகு அவருக்குப் புரிந்தது. முப்பது வருடம் அதே கேள்வியைக் கடை கடையாகக் கேட்டவர் அவர்.

“தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றார் தீனதயாளன். “அரசு தப்பே செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். செய்யும். ஆனா அளந்துதான் ஈடு குடுக்கும். கொறச்சுக் குடுத்தா உங்களுக்கு அநியாயம். கூடக் குடுத்தா எனக்கு ஆடிட். ரெண்டுல எது பெரிய வேதன, நீங்களே சொல்லுங்க.”

“உங்களுதுதானுங்க,” என்றார் ஆரோக்கியசாமி. மரியாதைக்குத்தான் சொன்னார். அதையும் மோகனப்பிரியா தட்டச்சு செய்துவிட்டாள்.

“இப்ப என்ன சிக்கல்னா, மனசுக்கு அட்டவணை கிடையாது. அரசுல ஆட்டுக்கு இருக்கு, மாட்டுக்கு இருக்கு, கெணத்துக்கு இருக்கு, மனசுக்கு இல்ல. மேல எழுதிக் கேட்டோம். உயிருள்ளதா, அசையாததா, உள்ளேயே சேதமாகறதா பாத்து, அதுக்கு நெருக்கமான அட்டவணையப் பயன்படுத்திக்குங்கன்னு பதில் வந்துச்சு. எல்லாத்துக்கும் பொருந்தினது ஒண்ணே ஒண்ணுதான்.” அவர் ஒரு கோப்பைத் திருப்பிக் காட்டினார். “தென்னை மரம்.”

உயர்மின் கோபுரம் போட வெட்டும் தென்னைகளுக்கான அட்டவணை அது. கன்று, இளமரம், நன்கு காய்க்கும் மரம், காய்ப்புக் குறைந்த மரம், பட்ட மரம் என்று ஐந்து வகை.

“உங்க வயசு?”

“அம்பத்தேழு.”

தீனதயாளன் விரலை நான்காவது வரியில் வைத்தார். பிறகு ஆரோக்கியசாமியின் முகத்தை ஒருமுறை பார்த்து, விரலைக் கீழே ஐந்தாவது வரிக்கு இறக்கலாமா என்று யோசித்தார். இறக்கவில்லை.

ஆரோக்கியசாமிக்கு நன்றியாக இருந்தது.

படிவத்தில் தூக்கமில்லாத இரவுகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் நானூற்றுப் பத்தொன்பது என்று எழுதினார்.

“சார், இத்தன நாள் தூங்காம யாராலயும் இருக்க முடியாது,” என்றாள் மோகனப்பிரியா மெதுவாக. “எரநூறுன்னு போடுங்க. நம்புற மாதிரி இருக்கும்.”

இருநூறு என்று மாற்றினார்.

வீட்டில் மனைவி தெரசம்மாள் படிவத்தின் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். “எரநூறு ராத்திரி தூங்கலையா? நீங்க உடற கொறட்டைக்கு நாந்தான் தூங்கல. இந்தப் பணம் எம்பேருக்கு வரோணும்.”

அவர் உண்மையாகவே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ஒரு தாளில் கோடு கிழித்து, பதினான்கு மாத வருத்தத்தையும் முட்டைத் தட்டில் அடுக்குவதுபோல் அடுக்கிப் பார்த்தார். தூங்காத இரவு பதினொன்று. அதிலும் இரண்டு மாம்பழம் தின்றதால். பலகை ஏறிய பிறகு டீக்கடையில் வாய்விட்டுச் சிரித்தது குறைந்தது நாற்பது முறை. மைத்துனன் மகள் கல்யாணத்தில் இரண்டாவது முறை பாயசம் கேட்டது ஒன்று. விரிசல் நிறைய இருந்தது. உடைசல் என்று ஒன்றுகூட இல்லை. தானே தன் கடைக்கு இன்ஸ்பெக்ஷன் போயிருந்தால் ஒரு ரூபாய் தந்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை கோயிலில் பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

“நூத்தி எம்பத்தொம்போது ராத்திரி பொய் சொல்லிட்டேன் சாமி.”

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச்சாமி கேட்டார்: “ஒவ்வொரு ராத்திரியும் தனித்தனியாவா?”

“இல்ல சாமி. ஒரே படிவத்துல.”

“அப்ப ஒரே பாவந்தான்,” என்றார் பங்குச்சாமி. அரசைவிடத் திருச்சபை கணக்கில் தாராளம் என்று ஆரோக்கியசாமிக்குத் தோன்றியது. அந்தத் தட்டியின் முன்னாலேயே அவர் தன் வருத்தத்தையும், பையையும், ஜெனிட்டா டீச்சர் கைகூப்புவதையும் சொன்னார்.

அடுத்த வாரம் மதிப்பீட்டுப் பிரிவு ‘வருத்தச் சான்று’ கேட்டது. மனுதாரரின் வருத்தத்தை நேரில் அறிந்த கண்ணியமான நபர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர் பங்குச்சாமியிடம் ஓடினார்.

“குடுக்க முடியாதுண்ணே,” என்றார் பங்குச்சாமி வருத்தமாக. “நீங்க சொன்னது பாவசங்கீர்த்தனத்துல. அத வெளிய சொல்ல எனக்கு அனுமதியில்ல.”

“அப்ப இங்கயே சொல்லிடறேன் சாமி.”

“இங்கயா?”

கோயில் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஆரோக்கியசாமி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். நடுவில் ஒருவர் வந்து டிவிஎஸ் வண்டியை எடுக்க வழி கேட்டார். நகர்ந்து நின்று தொடர்ந்து சொன்னார்.

“உள்ள சொன்னப்ப இன்னும் நல்லா இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுப் பங்குச்சாமி கையெழுத்துப் போட்டார்.

*

கள ஆய்வுக்குத் தீனதயாளன் ஒரு ஸ்டாப்வாட்சோடும் மோகனப்பிரியாவோடும் பேருந்து நிலையம் வந்தார். ஆரோக்கியசாமியைப் பலகைக்குக் கீழே, அவருடைய படத்துக்கு நேராக நிற்கச் சொன்னார். தன் தோள்பையை மட்டும் அவர் பக்கமிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். வேண்டுமென்று செய்ததில்லை. கை தானாகச் செய்தது.

ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கடந்தார்கள். ஒன்பது பேர் பலகைப் பக்கம் திரும்பினார்கள். அதில் ஏழு பேர் தேடியது பக்கத்துச் சுவரில் இருந்த கழிப்பிட அம்புக்குறியை. ஒருவர் ராசிபுரம் பஸ் நேரம் பார்த்தார். மீதி ஒருவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து, போர்வெல் போடும் ரிக் வண்டி டிரைவர். அவர் படத்தைப் பார்த்தார். கீழே நின்ற ஆரோக்கியசாமியைப் பார்த்தார். சட்டைப் பை மேல் கையை வைத்தார்.

“பிடிங்க அவர!” என்று கத்தினார் தீனதயாளன்.

அவர் சொன்னது சாட்சியை. டீக்கடையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர் ஆரோக்கியசாமியைப் பிடித்தார்கள்.

“அய்யோ, அவர விடுங்க,” என்றார் தீனதயாளன். உடனே, “இருங்க, இருங்க. ஒரு நிமிசம் அப்படியே புடிச்சிருங்க,” என்று செல்போனை எடுத்தார். “கோப்புக்கு இதவிட நல்ல படம் கெடைக்காது. மோகனப்பிரியா, அந்தப் பக்கம் தள்ளி நில்லும்மா, எண் அஞ்சு மறையுது.”

கூட்டம் கூடியது. பூக்காரி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த நான்கு பேராவது கூட்டத்தில் நிற்பதை ஆரோக்கியசாமி பார்த்தார்.

“இத எதுல எழுதறதுங்க?” என்று கேட்டார், கைகள் இன்னும் பிடிபட்டிருந்தபடியே.

“எத?”

“இப்ப இவிய புடிச்சது.”

“அது முடியாதுங்களே. மதிப்பீட்டின்போது ஏற்படற தீங்கு கணக்குல வராது. வந்தா நாங்க மதிப்பீடே செய்ய முடியாம போயிடும்.”

ரிக் டிரைவரை உட்கார வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பலகையையும் ஆரோக்கியசாமியையும் நிதானமாக இன்னொரு தடவை பார்த்தார்.

“ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. படத்துல இருக்கறதுக்கு நேர்ல கொஞ்சம் வயசாயிருச்சுங்க.”

பதினான்கு மாதத்தில் எதுவும் இவ்வளவு ஆழமாகத் தைத்ததில்லை. ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, பலகையில் இருந்த சிரிப்பைச் சிரித்துப் பார்த்தார். வரவில்லை. தன்னைத் திருடனாக்கிய படத்தைத் தான் கொஞ்ச நாளாக விரும்பிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தார்.

அந்த வாரம் ஜலகண்டாபுரத்திலிருந்து செங்கோடன் போன் செய்தார். பன்னிரண்டு முட்டை விரிசல். ஆரோக்கியசாமி நேரில் பார்க்காமலே பன்னிரண்டையும் உடைசல் என்று எழுதிக்கொண்டார். மறுமுனை திடுக்கிட்டது.

“ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்கறேன்.”

“கம்பெனி மூடறாங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க.”

*

திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது கணக்கு முடிந்தது. ஞாயிறுகள் போக, காய்ப்புக் குறைவுக்கான கழிவும் போக, அவருடைய வருத்தம் மொத்தம் மூன்றே முக்கால் மரம்.

“முக்கால் எப்படிங்க வந்துச்சு?”

“நாலு வந்துச்சு. கள ஆய்வுல நீங்க ஒரு தடவ சிரிச்சீங்க.”

“அது எம்படத்தோட சிரிப்புங்களே.”

“ரெண்டும் ஒரே ஆளுதான?” என்றார் தீனதயாளன். அந்த உண்மையை நிரூபிக்கத்தான் ஆரோக்கியசாமிக்கு ஒரு வருட வழக்கு ஆகியிருந்தது.

“மரமெல்லாம் எப்பிடியோ போகட்டுங்க. திருவிழாவுக்குள்ள படத்த எடுத்தாப் போதும்.”

தீனதயாளன் இரக்கமில்லாதவர் அல்ல. விதிப் புத்தகத்தை எடுத்துக் கடைசியிலிருந்து புரட்டினார். இரக்கம் எப்போதும் பிற்சேர்க்கையில்தான் இருக்கும் என்றார். இருந்தது. சோதனை மறைப்பு. உத்தரவு போடுவதற்கு முன், தீங்குக்குக் காரணமானதைச் சில நாள் மறைத்துவைத்து, மனுதாரர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாம். எடுக்கக் கூடாது. மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டலாம்.

“திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒட்டிடறோம். திருவிழா அன்னிக்கு எங்க ஆளு வந்து உங்க மனநிலையப் பாத்துக் குறிக்கும். ஒரு கேள்விதான் கேப்பாங்க. ஆனா பதில் முக்கியம். நல்லா கேட்டுக்குங்க. நீங்க சந்தோஷமா இருந்தா, தீங்கு தீந்துபோச்சு. தீந்துபோன தீங்குக்கு ஈடு கெடையாது. கோப்ப மூடிடுவோம். கோப்பு மூடினா சான்றுப்பொருள் பழைய நிலைக்குத் திரும்பணும்.”

“அப்படின்னாங்க?”

“காகிதத்தக் கிழிச்சிடுவோம். படம் வெளிய வந்துடும்.”

“சந்தோசமா இல்லீன்னா?”

“மறைச்சும் வருத்தம் போகலைன்னா, வருத்தத்துக்குக் காரணம் படம் இல்ல. ஏதோ குடும்பப் பிரச்சினை. அப்பவும் கிழிச்சிடுவோம்.”

ஆரோக்கியசாமி மூன்றாவது வழி தேடினார்.

“ரெண்டுக்கும் நடுவால இருந்தா?”

தீனதயாளன் முதல்முறையாக நாற்காலியில் முன்னால் வந்தார். இருவரும் ஒரே தொழில்காரர்கள் என்று அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “அதுதாங்க சரியான நிலை. தீங்கு இருக்கு, ஆனா கொறையுது. அப்படிக் குறிச்சா நான் அன்னிக்கே படத்த நிரந்தரமா எடுத்துடுவேன். மூணே முக்கால் மரத்துக்கும் உத்தரவு போட்டுடுவேன்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா இதுவரைக்கும் யாரும் அதுல நின்னதில்ல. ஒரு பக்கம் சாஞ்சிடறாங்க.”

சொன்னபடியே காகிதம் ஒட்டப்பட்டது. எட்டு முகத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். முன்பு ஒன்பது பேர் திரும்பிப் பார்த்த இடத்தில் இப்போது எல்லாரும் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் மூலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆனாலும் மறைந்தது மறைந்ததுதான். பங்குச்சாமி வாக்குத் தவறவில்லை. திருவிழாப் பூசைக்குப் பை உங்களுக்குத்தான் என்றார்.

ஆரோக்கியசாமி பயிற்சியில் இறங்கினார். விரிசல் விட்டு உடையாத முட்டை எப்படி இருக்குமோ, அப்படி ஒரு முகம் வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்றார். உதடு கொஞ்சம் மேலே போனால் கண்ணைக் கீழே இறக்கினார். தெரசம்மாள் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

“இப்ப எப்படி இருக்குது?”

“மலச்சிக்கலாட்டம் இருக்குது.”

“இப்ப?”

“எங்க அண்ணங்கிட்டக் கடன் கேக்க வந்தப்ப இருந்தீங்க, இப்பிடி.” கத்தியைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, எதுக்கு இத்தன பாடு? நம்ம கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டறப்ப ஒரு மூஞ்சி வெச்சிருந்தீங்களே. அத வையுங்க. முப்பத்திரண்டு வருசமா நானும் அது சந்தோசமா வருத்தமான்னு பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

அவர் அதை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

*

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடுமுறை நாளில் நிரந்தர ஊழியரை அனுப்பினால் விதிமீறல். அதனால் மோகனப்பிரியாவை அனுப்பியிருந்தார்கள். தற்காலிகத்துக்கு விதி கிடையாது. கத்தரிப்பூச் சேலை கட்டி, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், ஜெனிட்டா டீச்சருக்கு அடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று டீச்சரைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பாட்டுப் புத்தகத்துக்குள் படிவம் இருந்தது.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. சகாயராஜ் பையைக் கொண்டுவந்து நீட்டினார்.

“புடி கொஞ்சம் ஆடுதுண்ணே. பாத்துக்குங்க.”

ஆடியது. முன்பு ஆடியதில்லை. ஆரோக்கியசாமி கட்டைவிரலை உள்ளே கொடுத்துப் பிடித்துக்கொண்டு கல்யாண முகத்தை வைத்தார். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் தொடங்கினார். நாணயம் விழும் சத்தம் அதே சத்தம்தான். வெறும் கையை விட்டு எடுப்பவர் இன்றும் வெறும் கையைத்தான் விட்டார். அவரைப் பார்த்ததும் ஆரோக்கியசாமிக்கு உதட்டோரம் துடித்தது. தாலி கட்டிய நேரத்தை நினைத்துச் சமாளித்தார். ஏழாவது வரிசை, எட்டாவது வரிசை. ஒரு பெரியவர் நோட்டைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டை லேசாகத் தட்டினார். முகம் நின்றது. கடைசித் தூண் வரைக்கும் நின்றது. இரண்டாவது சரணம் முடிந்தது. சரியான நேரம்.

தூணைச் சுற்றிப் பெண்கள் பக்கம் திரும்பினார். முதலில் ஜெனிட்டா டீச்சர்.

டீச்சர் கைப்பையை மடியில் வைத்திருந்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கைப்பையின் ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திறந்தார். உள்ளே சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடிக் கூடு, மடித்த நோட்டுகள் எல்லாம் தெரிந்தன. அவசரமில்லாமல் தேடி ஒரு நூறு ரூபாயை எடுத்து வெல்வெட் பைக்குள் போட்டார். கைப்பையை மூடவில்லை. திறந்தபடியே பெஞ்சில், ஆரோக்கியசாமியின் கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, அவரைப் பார்த்து வெறும் கைகளைக் கூப்பினார்.

ஆரோக்கியசாமி முகத்தைத் தேடினார். கல்யாணமும் வரவில்லை, தாலியும் வரவில்லை. மூன்றாவது சரணம் தொடங்கியிருந்தது. பை மோகனப்பிரியாவின் முன்னால் நின்றது. அவள் பத்து ரூபாய் போட்டாள். பாட்டுப் புத்தகத்தைப் பாதி திறந்து, பேனா மூடியைக் கழற்றி, அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எழுதாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில், விதிப்படி கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“இப்ப சந்தோஷமா இருக்கீங்களா, சார்?”